மொட்டை மாடித் தொட்டியும் மலேரியாவும்: ஓர் எளிய விளக்கம்

மழை விட்டு ரெண்டு நாள் ஆனால் போதும், எங்கள் பக்கத்து டீக்கடைகளில் கொசுப் பேச்சு ஆரம்பித்துவிடும். "ஏனுங்க, சாக்கடையை அள்ளாம விட்டா கொசு வராம என்னங்க பண்ணும்?" என்று ஒருவர் கேட்பார். அடுத்தவர் மாநகராட்சியைத் திட்டுவார். மூன்றாமவர் டெங்கு, மலேரியா, சிக்குன்குனியா மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி, எல்லாம் அந்தச் சாக்கடையால்தான் என்று முடித்துவிடுவார். சாக்கடையை அள்ள வேண்டும் என்பதில் மறுப்பே இல்லை. ஆனால் நகரத்து மலேரியாவைப் பொறுத்தவரை அவர்கள் பார்ப்பது தப்பான இடம்.

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் போன்ற ஊர்களில் மலேரியா இன்று அன்றாடம் கேள்விப்படும் நோயாக இல்லை. நல்ல விஷயம்தான். அதனாலேயே அது எப்படிப் பரவுகிறது என்பது மக்களுக்கு மறந்தும் போய்விட்டது. நோயைப் பரப்பும் கொசு எங்கும் போய்விடவில்லை. அது முட்டையிடும் தண்ணீரும் நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. நெருக்கமான தெருக்களில் ஆள் வரத்துப் போக்கும் முன்பைவிட அதிகம். 2030-க்குள் மலேரியாவை ஒழிப்பது என்று நாடு இலக்கு வைத்திருக்கிறது. மிச்சமிருக்கும் நாட்களில் எதைச் செய்தால் பலன், எதைச் செய்தால் வீண் என்று தெரிந்துகொள்வது அதனால் இன்னும் அவசியமாகிறது.

தறியும் நாடாவும்

மலேரியா காற்றில் பரவாது. காய்ச்சல்காரரைத் தொட்டாலோ, அவர் குடித்த டம்ளரில் குடித்தாலோ, பக்கத்தில் படுத்தாலோ வராது. நடைமுறையில் கொசு இடையில் இருந்தே ஆக வேண்டும்.

சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். நூலைச் சுமக்கும் நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பாய்கிறது, திரும்பி வருகிறது. அதற்குள் இருக்கும் தாரிலிருந்து, அதாவது நூல் சுற்றிய குச்சியிலிருந்து, குறுக்கு இழையான ஊடை நூல் பிரிந்து, நெடுக்கு இழைகளான பாவுக்குள் போகிறது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் துணி ஓர் இழை வளர்கிறது. தாரில் நூல் தீர்ந்த பிறகு நாடா எத்தனை தரம் பாய்ந்தாலும் துணி வளராது. நூல் நிறைய இருந்தும் நாடா நின்றுவிட்டால் அப்போதும் வளராது.

மலேரியாவில் கொசுதான் நாடா. நூல் என்பது நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி. இன்னோர் உயிருக்குள் புகுந்து, அதன் உணவைத் தின்றே வாழும் உயிரைத்தான் ஒட்டுண்ணி என்கிறோம். மலேரியா ஒட்டுண்ணியின் பெயர் பிளாஸ்மோடியம். ரத்தத்தில் அது இருக்கிற ஒருவரைக் கொசு கடித்தால் ஒட்டுண்ணி கொசுவுக்குள் போகிறது. பிற்பாடு அதே கொசு இன்னொருவரைக் கடிக்கும்போது அவர் உடம்புக்குள் இறங்குகிறது. ஒட்டுண்ணி இல்லாத கொசு கடித்தால் அரிப்பும் தூக்கக் கேடும் மட்டும்தான். ஒட்டுண்ணி உள்ள மனிதர் இருந்து, கொசு இல்லாவிட்டால் நோய் அவரோடு நின்றுவிடும்.

இவ்வளவுதான் அடிப்படை: நோயுள்ள மனிதர், கொசு, நோயில்லாத மனிதர். இந்த மூன்றுக்கும் நடுவில் எங்கே அறுத்தாலும் ஓட்டம் நிற்கும். இனி சொல்லப்போவதெல்லாம் எங்கே அறுப்பது சுலபம் என்பதைப் பற்றித்தான்.

கொசு வயிற்றில் பத்து நாள்

தறி உவமை ஓர் இடத்தில் பொருந்தாது, அந்த இடம்தான் முக்கியம். நாடா கண் சிமிட்டும் நேரத்தில் அடுத்த பக்கம் போய்விடும். கொசுவால் அப்படி முடியாது.

ஒட்டுண்ணி கொசுவின் வயிற்றுக்குள் போனதும் அங்கே வேறு உருவம் எடுக்கிறது, வயிற்றுச் சுவரில் ஒட்டி வளர்கிறது, பல மடங்காகப் பெருகுகிறது. பிறகு கொசுவின் எச்சில் சுரப்பிக்குப் போய்ச் சேர்ந்து காத்திருக்கிறது. நம் ஊர் வெப்பத்தில் இதற்குச் சுமார் 10 முதல் 14 நாள் ஆகும். அது முடிந்த பிறகுதான் அந்தக் கொசுவின் கடியால் நோய் பரவும். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் என்ற ராணுவ மருத்துவர், மலேரியா நோயாளியைக் கடித்த கொசு ஒன்றின் வயிற்றைப் பிரித்துப் பார்த்து, இந்த ஒட்டுண்ணி அங்கே வளர்வதைக் கண்டுபிடித்தார். 1902-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஆகஸ்ட் 20-தான் இன்றும் உலகக் கொசு நாள்.

பத்து நாள் என்பது கொசுவுக்கு நீண்ட காலம். சிலந்தி, பல்லி, மின்விசிறி, கொசு மட்டை, வெயில் எல்லாவற்றையும் தாண்டி அத்தனை நாள் உயிரோடிருக்கிற கொசுக்கள் குறைவு. அந்தக் குறைவான கொசுக்கள்தான் மலேரியாவைப் பரப்புகின்றன. ஆகவே ஊரில் உள்ள ஒவ்வொரு கொசுவையும் கொன்றாக வேண்டும் என்பதில்லை. கொசுக்களின் எண்ணிக்கையும் அவற்றின் ஆயுளும் கொஞ்சம் கொஞ்சம் குறைந்தாலே பரவல் வெகுவாகச் சரியும். மருந்து ஊட்டிய கொசுவலை பெரிய வேலை செய்வது இதனால்தான். உள்ளே தூங்குபவரை அது காக்கிறது. மேலே வந்து உட்காரும் கொசுவையும் கொல்கிறது. அந்தக் கொசு அடுத்த வீட்டுக்குப் போவதில்லை.

மனித உடம்பிலும் ஒரு காத்திருப்பு உண்டு. கடி வாங்கிய மறுநாள் காய்ச்சல் வராது. ஒட்டுண்ணி முதலில் ஈரலுக்குப் போய் அங்கே பெருகி, பிறகு ரத்தத்தில் இறங்குகிறது. பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு வாரம் கழித்துத்தான் குளிரும் நடுக்கமும் ஆரம்பிக்கும். நேற்று ராத்திரி கடித்த கொசுவால் இன்று காய்ச்சல் என்று யாராவது சொன்னால் அது மலேரியாவுக்குப் பொருந்தாத கணக்கு.

மூன்று கொசு, மூன்று தண்ணீர்

சாக்கடைக் கொசுவின் பெயர் கியூலெக்ஸ். தேங்கிய அழுக்குத் தண்ணீர் அதற்குப் பிடிக்கும். ராத்திரியில் காதோரம் ரீங்காரம் போட்டு நம்மைப் பாடாய்ப் படுத்துவது பெரும்பாலும் இதுதான். யானைக்கால் நோயைப் பரப்புவதும் இதுவே. மலேரியாவைப் பரப்பாது.

டெங்குக் கொசுவின் பெயர் ஏடிஸ். உடம்பிலும் காலிலும் வெள்ளை வரிகள் இருக்கும், பகலில் கடிக்கும். டயர், தேங்காய்த் தொட்டி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு, பூச்சாடித் தட்டு என்று சின்னச் சின்ன இடங்களில் முட்டையிடும். டெங்கு விழிப்புணர்வு நோட்டீஸ் படித்த எல்லோருக்கும் இது தெரியும்.

மலேரியாவைப் பரப்புவது அனோஃபிலிஸ் இனம். அதில் இந்திய நகரங்களுக்கென்றே பழகிப்போன ஒரு வகை உண்டு, அதன் பெயர் அனோஃபிலிஸ் ஸ்டீபன்சி. சாயங்காலத்திலிருந்து விடிவதற்குள் கடிக்கும். இது தேடிப் போவது தெளிந்த தண்ணீரை. மேல்நிலைத் தொட்டி, தரைத்தொட்டி, கிணறு, சிமெண்ட் தொட்டி, டிரம், கட்டட வேலை நடக்கும் இடத்தில் நிறுத்தி வைத்த தண்ணீர், இவையெல்லாம் இதன் பிரசவ அறை. கிராமத்து மலேரியாவைப் பரப்பும் வேறு அனோஃபிலிஸ் வகைகள் வயல், வாய்க்கால், ஆற்றோரக் குட்டைகளில் வளரும். நகரத்துக்குள் அந்த வசதி குறைவு. ஸ்டீபன்சிக்கு அது தேவையே இல்லை, நாம் குடிக்கச் சேர்த்து வைக்கும் தண்ணீரே போதும்.

எவ்வளவு கெட்டிக்காரக் கொசு என்பதற்கு ஓர் உதாரணம். தெற்காசியாவிலும் அரேபியப் பக்கமும் இருந்த இது, 2012-ல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் கண்டுபிடிக்கப்பட்டது. அப்புறம் எத்தியோப்பியா உள்ளிட்ட நாடுகளுக்கும் பரவியது. அதுவரை மலேரியா அங்கே பெரும்பாலும் கிராமத்து நோய். நகரத் தொட்டியில் வளரும் கொசு வந்து சேர்ந்ததும் உலக சுகாதார நிறுவனம் 2022-ல் இதற்கென்றே தனித் திட்டம் அறிவிக்க வேண்டி வந்தது.

கொங்கு நாட்டு நகரங்களின் தண்ணீர்ப் பழக்கம் இந்தக் கொசுவுக்கு எவ்வளவு தோதானது என்று யோசித்துப் பாருங்கள். பல இடங்களில் குழாயில் நல்ல தண்ணீர் தினமும் வருவதில்லை. சில பகுதிகளில் வாரத்துக்கு ஒரு தரம், வெயில் காலத்தில் இன்னும் தள்ளிப்போகும். ஆகவே வந்த அன்று தரைத்தொட்டி, டிரம், குடம், அண்டா எல்லாம் நிரம்பும். துணி துவைக்கவும் பாத்திரம் கழுவவும் ஆழ்குழாயிலிருந்து வரும் சப்பைத் தண்ணீருக்கு வேறொரு தொட்டி. ஒரே வீட்டில் மூன்று நான்கு சேமிப்பு. மழைக்காலம்தான் கொசுக்காலம் என்ற எண்ணம் இங்கே முழுசாகப் பொருந்தாது. தண்ணீர்ப் பஞ்சம் வந்தால் சேமிப்பு கூடும், சேமிப்பு கூடினால் ஸ்டீபன்சிக்கும் இடம் கூடும்.

ஆக, வாசலில் நாறும் சாக்கடை கியூலெக்ஸின் வீடு. மலேரியாவுக்குப் பார்க்க வேண்டியது சுத்தமான தண்ணீர் நிற்கிற, மூடாத இடங்களை.

தொட்டிக்குள் எட்டிப் பார்த்தால்

தொட்டிக்குள் கொசுப்புழுவை ஒருமுறை கண்ணால் பார்த்தவர்கள் அப்புறம் மூடியைத் திறந்து போட்டு வைக்க மாட்டார்கள். அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

காலையில் மாடிக்குப் போங்கள். கையில் ஒரு டார்ச், நீளக் கைப்பிடி உள்ள ஒரு வெள்ளைக் கரண்டி அல்லது கப். மூடியைச் சட்டென்று திறந்து நிழலை விழவிட்டால் புழுக்கள் கீழே போய்விடும், மெல்லத் திறக்க வேண்டும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, தண்ணீரின் மேல்பரப்பில் தொட்டிச் சுவரை ஒட்டிய ஓரத்தைப் பாருங்கள். கொசுப்புழு இருந்தால் துரும்பு மாதிரித் தெரியும். தண்ணீரோடு ஒட்டி, படுத்த வாக்கில் மட்டமாக மிதந்தால் அது அனோஃபிலிஸ். வால் மேலேயும் தலை கீழேயுமாகச் சாய்ந்து தொங்கினால் அது ஏடிஸ் அல்லது கியூலெக்ஸ். மூச்சுக் குழல் உள்ளவை தொங்கும். அனோஃபிலிஸ் புழுவுக்கு அந்தக் குழல் கிடையாது. உடம்பை மேல்பரப்பில் ஒட்டி வைத்துத்தான் மூச்சு வாங்க வேண்டும், அதனால் படுத்தே இருக்கும். கரண்டியால் தொட்டால் துள்ளிப் பின்பக்கமாக நகரும்.

இது எப்படி உள்ளே போனது? "எங்க தொட்டிக்கு மூடி இருக்குதுங்களே" என்பார்கள். மூடி இருப்பது வேறு, மூடியிருப்பது வேறு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் ஆடிக் காற்றுக்குப் பிளாஸ்டிக் மூடி தாங்காது. பறந்து பக்கத்து மாடியில் விழும், இல்லையென்றால் காணாமலே போகும். பறக்காமலிருக்கக் கல்லைத் தூக்கி வைப்பார்கள். வெயிலில் வெந்த மூடி கல் பாரத்தில் நடுவில் குழிந்து ஓரத்தில் மேலே தூக்கிக்கொள்ளும். விரல் நுழையும் சந்து போதும், கொசுவுக்கு அது கோட்டை வாசல். அப்புறம் அந்த வழிந்தோடும் குழாய். தொட்டி நிரம்பினால் தண்ணீர் வெளியேற ஒரு குழாயைத் திறந்தபடியே விட்டிருப்பார்கள், யாரும் அதைப் பற்றி யோசிப்பதில்லை. மூடி எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் அந்தக் குழாய் வழியாகக் கொசு உள்ளே போய் முட்டையிட்டு வரும். நைலான் வலைத் துண்டை இரண்டு மடிப்பாக மடித்துக் குழாய் வாயில் கட்டினால் முடிந்தது. தொட்டிக்குக் காற்றுக்குழாய் இருந்தால் அதற்கும் அதே வைத்தியம்.

முட்டையிலிருந்து புழு, புழுவிலிருந்து கூட்டுப்புழு, அதிலிருந்து பறக்கும் கொசு. நம் ஊர் வெப்பத்தில் இதற்கு ஒரு வாரத்திலிருந்து 10 நாள் வரை ஆகும். வாரம் ஒருமுறை காலி செய்து தேய்த்துக் கழுவச் சொல்வதன் கணக்கு இதுதான். கொசு வெளியே பறப்பதற்குள் நாம் ஒரு தரம் குறுக்கிட்டாக வேண்டும். தேய்ப்பது எதற்கு என்றால், ஏடிஸ் முட்டை சுவரில் ஒட்டிக் காய்ந்தும் பிழைத்திருக்கும். தேய்த்தால் டெங்குக்கும் சேர்த்துத் தடுப்பு.

எல்லாத் தொட்டியையும் வாராவாரம் காலி செய்ய முடியாது. தண்ணீர் இல்லாத ஊரில் அப்படிச் சொல்வது நியாயமும் இல்லை. காலி செய்யக்கூடிய குடம், டிரம், அண்டாவைக் காலி செய்யுங்கள். காலி செய்ய முடியாத தொட்டியைக் கொசு போகாதபடி மூடுங்கள். மூடவும் முடியாததில் புழுவைக் கொல்லும் மருந்து ஊற்றுவார்கள். வீடு வீடாக வரும் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் கையில் வைத்திருக்கும் அபேட் அதுதான். சரியான அளவில் ஊற்றினால் புழு சாகும், மனிதருக்குக் கேடு இல்லை. அந்த அளவு அவர்களுக்குத் தெரியும். வாசலிலேயே நிறுத்தி "எங்க வீட்டுல எல்லாம் சுத்தமா இருக்குதுங்க" என்று திருப்பி அனுப்பாமல் மாடிவரை போகவிடுங்கள். வெயிலில் நாள் முழுக்கப் படியேறி இறங்குகிற அந்தப் பெண்களுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாலும் தகும்.

ஊருக்கு நடுவில் மாட்டிக்கொண்ட பழைய தோட்டத்துக் கிணறுகள் இன்னொரு வகை. சுற்றிலும் வீடு வந்துவிட்டது, கிணறு மட்டும் பாழாய்க் கிடக்கிறது. காலி செய்யவும் முடியாது, மூடவும் செலவு. அவற்றில் கம்பூசியா அல்லது கப்பி மீன் விடுவது பழைய முறை. இந்த மீன்கள் கொசுப்புழுவைத் தின்றே வளரும். கிணற்றிலும் தொட்டியிலும் விடலாம், ஆனால் ஆற்றிலும் குளத்திலும் விடக் கூடாது. அங்கே நம் நாட்டு மீன்களின் குஞ்சுகளையும் சேர்த்துத் தின்றுவிடும்.

புகை அடித்தால் போதாதா?

போதாது. புகை மருந்து அந்த நேரத்தில் வெளியே பறந்துகொண்டிருக்கும் கொசுவைக் கொல்லும். வீட்டுக்குள் கட்டிலடியிலும் துணிக் கொடியிலும் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் தப்பிக்கும். தொட்டியில் உள்ள புழுவுக்கு ஒன்றுமே ஆகாது, அடுத்த வாரம் அது கொசுவாகி வெளியே வரும். ஒரு பகுதியில் நோய் திடீரென்று பரவும்போது அவசரத்துக்குப் புகை பயன்படும். தெருவில் புகை வண்டி வந்ததை வைத்துக் கொசு ஒழிப்பு நடந்ததாக எண்ணிக்கொண்டால் தொட்டியை யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஒரு வீடு மட்டும் மூடினால்

ஸ்டீபன்சி நெடுந்தூரம் பறக்கும் கொசு அல்ல. பக்கத்திலேயே ரத்தமும் தண்ணீரும் கிடைத்தால் பிறந்த இடத்தைச் சுற்றிச் சில நூறு மீட்டருக்குள்ளேயே காலம் தள்ளிவிடும். நெருக்கமான தெருவில் இரண்டுமே பத்தடிக்குள் கிடைக்கின்றன.

இதில் ஒரு கெட்ட செய்தியும் ஒரு நல்ல செய்தியும் இருக்கின்றன. நீங்கள் உங்கள் தொட்டியை எவ்வளவு கச்சிதமாக மூடினாலும் நாலு வீடு தள்ளித் திறந்து கிடக்கும் தொட்டியிலிருந்து கொசு வரும். தனி வீட்டு முயற்சியால் மலேரியாவைத் தடுக்க முடியாது என்பது இதனால்தான். நல்ல செய்தி, ஊர் முழுக்கத் திருந்தும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஒரு தெருவும் அதை ஒட்டிய இரண்டு மூன்று தெருக்களும் சேர்ந்து தங்கள் தொட்டிகளை மூடிவிட்டால் அந்தப் பகுதியில் கொசு வளர இடம் இல்லாமல் போகும்.

ஆனால் யார் மூடுவது? இந்தக் கேள்வியில்தான் பாதித் திட்டங்கள் கவிழ்கின்றன. திருப்பூரில் ஒரு லைன் வீட்டை எடுத்துக்கொள்வோம். வரிசையாகப் பத்து அறை, ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம் அல்லது பனியன் கம்பெனிக்குப் போகும் நாலைந்து பையன்கள். வாசலில் ஒரு பொதுத் தொட்டி, மேலே ஒரு சின்டெக்ஸ். வீட்டுக்காரர் வேறு தெருவில் இருக்கிறார், மாதம் பிறந்தால் வாடகைக்கு வருவார். மாடிக்கதவின் சாவி அவரிடம். தொட்டி மூடி உடைந்தது குடியிருப்பவர்களுக்குத் தெரியாது, தெரிந்தாலும் மாற்ற அவர்களுக்கு உரிமையில்லை. கொசு ஒழிப்புப் பணியாளர் வந்தால் கதவு பூட்டிக் கிடக்கும், இல்லையென்றால் நைட் ஷிப்ட் முடித்த ஆள் தூங்கிக்கொண்டிருப்பார். பக்கத்து வீடுகளில் எத்தனை விழிப்புணர்வுக் கூட்டம் போட்டாலும் இந்தத் தொட்டி திறந்தேதான் இருக்கும். இங்கே தேவை அறிவுரை அல்ல. வீட்டுக்காரரிடம் பேசி மூடி வாங்க வைப்பதும், மாடிச் சாவியில் ஒன்றைக் குடியிருப்பவர்களில் ஒருவரிடம் கொடுக்க வைப்பதும்தான் வேலை. தெருவில் நாலு பேர் போய்ச் சேர்ந்து கேட்டால் வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை, ஒரு மூடியின் விலை என்ன பெரிய விலை.

கட்டட வேலை நடக்கும் இடமும் இப்படித்தான். கான்கிரீட் இறுக, தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார்கள். லிப்ட் குழியில் தண்ணீர் நிற்கும், கலவைக்குத் தனித் தொட்டி இருக்கும். அங்கேயே ஒரு தகரக் கொட்டகையில் வேலையாட்களும் காவல்காரர் குடும்பமும் தூங்குவார்கள். கொசுவுக்கு முட்டையிடத் தண்ணீரும் கடிக்க ஆட்களும் ஒரே வளாகத்தில். பாத்தித் தண்ணீரை வாரம் ஒருநாள் முழுக்க வடியவிட்டுக் காயவைத்து மறுபடி நிரப்பினால் புழு செத்துவிடும். கட்டுபவரிடம் அதைச் சொல்வது தெருக்காரர்களின் உரிமை.

நெரிசலான பகுதியில் செய்யக்கூடியது என்னவென்றால், வாரத்தில் ஒரு கிழமையைத் தெருவே சேர்ந்து தொட்டி நாளாக வைத்துக்கொள்வது. வெள்ளிக்கிழமைக்கு வீடு கழுவும் பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதோடு டிரம்மையும் சேர்த்துக்கொண்டால் தனியாக ஞாபகம் வைக்க வேண்டியதில்லை. மாடி ஏறிப் பார்க்க, பள்ளிப் பிள்ளைகளைவிடப் பெரியவர்கள்தான் நல்லது, தொட்டி மேல் எட்டிப் பார்ப்பது பிள்ளைகளுக்கு ஆபத்து. மகளிர் சுய உதவிக் குழு இருக்கும் தெருவில் வேலை பாதி முடிந்த மாதிரி. அவர்களுக்கு எந்த வீட்டில் யார் எப்போது இருப்பார் என்பது அத்துப்படி. அப்புறம் வெயில் காலத்தில் மொட்டை மாடியில் படுப்பவர்கள். தொட்டிக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துத் தூங்குவது கொசுவுக்கு இலை போட்டுப் பரிமாறுவதற்குச் சமம். காற்றோட்டத்துக்காக மாடிக்குப் போகிறவர்களைப் போகாதே என்று சொல்ல முடியாது, நாலு கம்பு நட்டு வலை கட்டிக்கொள்ளலாம்.

இது புதிய ஞானம் இல்லை. நாடு தழுவிய மலேரியாத் திட்டம் 1953-ல் தொடங்கியபோது, வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. மருந்து அடிப்பதே பிரதானம், அதுவும் கிராமங்களில். 1965 வாக்கில் நாட்டில் பதிவான நோயாளிகள் சுமார் ஒரு லட்சமாகக் குறைந்தார்கள். வெற்றி என்று கை சளைத்தது, கொசு மருந்துக்குப் பழகியது, நகரங்கள் கவனிப்பாரற்று வளர்ந்தன. 1976-ல் எண்ணிக்கை 64 லட்சத்தைத் தொட்டது. இதற்கிடையே 1971-ல் நகரங்களுக்கென்று நகர்ப்புற மலேரியாத் திட்டம் வந்தது. அதன் மையம் தண்ணீரில் உள்ள புழுவை ஒழிப்பது. ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகியும் நகரத்துக்கு அதைவிட நல்ல வழி வரவில்லை. சிலர் தடுப்பூசி பற்றிக் கேட்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-லும் 2023-லும் இரண்டு தடுப்பூசிகளைப் பரிந்துரைத்தது உண்மை. அவை முக்கியமாக ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு, ஃபால்சிபாரம் என்ற வகை மலேரியாவுக்கு எதிராக. நம் தெருவுக்கு மூடிதான் இப்போதைய தடுப்பூசி.

சுருக்கமாக: கொசு பக்கத்திலேயே பிறக்கிறது, பக்கத்திலேயே கடிக்கிறது. திறந்த தொட்டி யாருடையது, சாவி யாரிடம் என்று கண்டுபிடிப்பதுதான் தெரு செய்ய வேண்டிய முதல் வேலை.

வெளியூர்க்காரர்கள் கொண்டு வந்த நோயா?

ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் மாநிலங்களின் காட்டுப் பகுதிகளில் மலேரியா இன்னும் இருக்கிறது. அங்கிருந்து திருப்பூருக்கும் கோவைக்கும் வேலைக்கு வருகிறவர்களில் சிலர் உடம்பில் ஒட்டுண்ணியோடு வரக்கூடும். இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் "வடக்கத்திக்காரங்க வந்துதான் நோய் வந்துச்சு" என்று பேசுவது எனக்கு வேதனை தருகிறது, தப்பாகவும் இருக்கிறது. ஒட்டுண்ணியோடு ஒருவர் வந்து இறங்கினால் மட்டும் நோய் பரவிவிடாது. அவரைக் கடிக்கும் கொசு நம் தொட்டியில் வளர்ந்தது. நம் ஊர்க்காரர்களும் வேலைக்கும் கோயிலுக்கும் நோயுள்ள பகுதிகளுக்குப் போய் அதே மாதிரி கொண்டு வருகிறார்கள்.

பழி சொல்வதில் நேரடியான நஷ்டமும் இருக்கிறது. காய்ச்சல் என்றால் வேலை போகும், அறையைக் காலி செய்யச் சொல்வார்கள் என்று பயந்தவர் ரத்தம் பார்க்கப் போகமாட்டார். மெடிக்கலில் ரெண்டு பாராசிட்டமால் வாங்கிப் போட்டுக்கொண்டு அறையில் படுத்திருப்பார். அத்தனை நாளும் அந்த அறைக்குள் வரும் கொசுக்கள் ஒட்டுண்ணியை எடுத்துப் போகும். அவர் தைரியமாகப் பரிசோதனைக்குப் போனால் அவருக்கும் நல்லது, தெருவுக்கும் நல்லது. இந்தியில் நாலு வார்த்தை தெரிந்த கம்பெனி சூப்பர்வைசரோ மளிகைக் கடைக்காரரோ ஒருமுறை கூட்டிக்கொண்டு போனால் போதும், அடுத்தமுறை தானே போவார்.

காய்ச்சல் வந்தால்

தொட்டியை மூடுவது நாடாவை நிறுத்துவது. நூலைத் தீர்ப்பது இங்கே நடக்கிறது.

குளிர், நடுக்கம், அப்புறம் கடும் காய்ச்சல், அப்புறம் வேர்த்துக் கொட்டிக் காய்ச்சல் இறங்குவது, ஒரு நாள் விட்டு மறுபடி அதே மாதிரி. மலேரியாவின் பாடம் இப்படித்தான் சொல்லப்படும். நிஜத்தில் முதல் சில நாள் எல்லாக் காய்ச்சல் போலவும் இருக்கலாம், முறை வைத்து வராமலும் இருக்கலாம். அதனால் அறிகுறியை வைத்துத் தீர்மானிக்க முடியாது, ரத்தம் பார்த்தே ஆக வேண்டும். விரல் நுனியில் ஒரு துளி ரத்தம், கண்ணாடிச் சில்லில் பூசி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது ஒரு முறை. கால் மணி, இருபது நிமிடத்தில் முடிவு காட்டும் பட்டைச் சோதனை இன்னொரு முறை. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் இதற்குக் காசு வாங்குவதில்லை. காய்ச்சல் என்றால் இன்று எல்லோருக்கும் டெங்குதான் முதலில் நினைவுக்கு வருகிறது. தட்டணுக்கள் (பிளேட்லெட்) மலேரியாவிலும் குறையும், அதை மட்டும் வைத்து டெங்கு என்று முடிவு கட்டிவிட முடியாது. நிலவேம்புக் கசாயம் குடித்தோம், பார்க்கலாம் என்று பரிசோதனையைத் தள்ளிப்போடவும் கூடாது.

இந்தியாவில் முக்கியமாக இரண்டு வகை மலேரியா. ஃபால்சிபாரம் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கி உயிரை எடுக்கக்கூடியது, சிகிச்சையில் தாமதம் கூடாது. வைவாக்ஸ் பெரும்பாலும் அவ்வளவு கொடூரம் இல்லை, ஆனால் அதற்கு ஒரு தந்திரம் தெரியும். அதன் ஒரு பகுதி ஈரலுக்குள் உறங்கிக் கிடக்கும். ரத்தத்தில் உள்ளதைக் கொன்று காய்ச்சல் நின்ற பிறகும், வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்து ஈரலில் கிடந்தது விழித்துக்கொண்டு மறுபடி காய்ச்சலைக் கொண்டுவரும். புதிதாகக் கொசு கடித்திருக்கவே வேண்டியதில்லை.

வைவாக்ஸுக்கு இரண்டு மாத்திரை கொடுப்பது இதற்காகத்தான். குளோரோகுயின் மூன்று நாள், அது ரத்தத்தில் உள்ளதைக் கொல்லும். பிரைமாகுயின் 14 நாள், அது ஈரலில் உறங்குவதைக் கொல்லும். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டு உடம்பு தெம்பாகிவிடும். ஷிப்டுக்குப் போக ஆரம்பித்ததும் மிச்ச மாத்திரை அலமாரியில் கிடக்கும். தெருவில் மலேரியா திரும்பத் திரும்ப வருவதற்கு இப்படிப் பாதியில் விட்ட மாத்திரைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒருவருக்கு வைவாக்ஸ் என்று தெரிந்தால் வீட்டில் அல்லது அறையில் இன்னொருவர் 14 நாளும் "மாத்திரை போட்டாச்சா கண்ணு?" என்று கேட்பது, தெருவில் புகை அடிப்பதைவிட மேலான கொசு ஒழிப்பு வேலை.

பிரைமாகுயினைக் கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் கொடுக்கக் கூடாது. சிலருக்குப் பிறவியிலேயே ஜி-6-பி-டி என்ற நொதி குறைவாக இருக்கும், அவர்களுக்கு இந்த மாத்திரையால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். நொதி என்பது உடம்பில் நடக்கும் வேதிவேலைகளை நடத்தித் தரும் புரதம். ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கிப் போடாமல் மருத்துவர் சொன்னபடிதான் எடுக்க வேண்டும். மாத்திரை எடுக்கும்போது சிறுநீர் கறுத்த நிறத்தில் போனால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

மருத்துவரைப் பார்க்கும்போது கடந்த சில மாதங்களில் எந்த ஊருக்கெல்லாம் போய் வந்தீர்கள், முன்பு எப்போதாவது மலேரியா வந்திருக்கிறதா என்பதைக் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். மலேரியா அரிதாகிப்போன ஊரில் மருத்துவருக்கு அதை நினைவுபடுத்துவது பெரும்பாலும் அந்த இரண்டு தகவல்கள்தான்.